செத்தவனுக்குத் தீட்டில்லை

சிம்லாவுக்கு மேலே, ஆப்பிள் தோட்டம்
பாகுன் 14, 2055

பன்சரா,

பயப்படாதே. நான் மன்ரூப்தான், உன் புருஷன். உயிரோடு இருக்கிறேன்.

இதை உனக்கு யார் படித்துக் காட்டுவார்களோ தெரியாது. அதனால் முதலில் படிப்பவரிடம் ஒரு வார்த்தை. ஐயா, இந்தக் காகிதத்தைப் பற்றி வெளியே மூச்சு விடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இங்கே இந்தியாவில் 1999 என்கிறார்கள். நம் நேபாளக் கணக்கில் 2055. என் கணக்கில் இன்னும் 2043, அந்த நாற்பத்து மூன்றாம் வருடம்தான் நடக்கிறது. அந்தத் தேர்தல் சாயங்காலம் என் கண்ணை விட்டுப் போனதே இல்லை. நம் ஓட்டுச்சாவடிப் பெட்டியை எதிராளியின் ஆட்கள் மாற்றப் போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு வந்தவன் பள்ளிக்கூடப் பியூன் தன்சிங். பாலத்தில் மறித்தேன். அவன் விலகவில்லை. தள்ளினேன். பெட்டியும் அவனும் சேர்ந்து ஆற்றில் விழுந்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் ஓடியவன், எல்லையைத் தாண்டித்தான் நின்றேன்.

ஒரு கொலைகாரன் வீட்டுக்கு எப்படிக் கடிதம் எழுதுவான்? உறையின் மேல் இருக்கும் முத்திரையே என்னைக் காட்டிக் கொடுத்துவிடுமே.

போன வாரம் எதிர் மலை லால்வீர் இங்கே வேலைக்கு வந்தான். பேச்சுவாக்கில், "தன்சிங் கடையில டீ குடிச்சுட்டுக் கிளம்பினேன்" என்றான். எந்தத் தன்சிங் என்று கேட்டேன். "நொண்டித் தன்சிங்தான். வேற எவன் இருக்கான்?" என்றான். நான் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன், பன்சரா.

அவன் சாகவே இல்லையாம். இரண்டு வளைவு தள்ளிக் கரையேறியிருக்கிறான், முதுகில் பெட்டியோடு.

பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்ததும் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்புகிறேன். லால்வீருக்கு இந்த வேலை ஒத்துவரவில்லை, ஊருக்கே திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உன்னிடம் மட்டும் தரச் சொல்லியிருக்கிறேன்.

மன்ரூப்


துனிகோட்
சைத் 6

உயிரோடு இருப்பவருக்கு,

யாரும் படித்துக் காட்டவில்லை. நானே படித்தேன். நானே எழுதுகிறேன். நீங்கள் போன நாலாம் வருடம் பெரியவர்களுக்கான வகுப்பு வந்தது. புருஷன் எழுதினால் படிக்கலாமே என்று சேர்ந்தேன். எட்டு வருடம் படிக்க ஒன்றும் வரவில்லை. பூச்சி மருந்து டப்பாவைப் படித்துக்கொண்டிருந்தேன்.

திட்ட நிறைய இருக்கிறது. இப்போது அதற்கு நேரமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுபடியும் தேர்தல் வருகிறது, ஜேட் 3-ஆம் தேதி. பாகுன் மாதக் குளிரில் காட்டுக்காரர்கள் வந்தார்கள். உங்கள் காலத்தில் அவர்கள் இல்லை. துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், ராஜாவும் வேண்டாம் ஓட்டும் வேண்டாம் என்கிறார்கள். எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்து, ஒரு பெண், என்னைவிடச் சின்னவள், அமைதியாகச் சொன்னாள்: "நகத்துல மை இருந்தா அந்த விரல் இருக்காது." கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பத்து நாள் கழித்துப் போலீஸ் வந்தது. ஓட்டே விழாத சாவடி காட்டுக்காரன் சாவடி என்று எழுதிக்கொள்வோம், அப்புறம் நீங்கள் பட வேண்டியதைப் படுங்கள் என்றார்கள். மேலூரில் வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் திரும்பவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி விழும். சாக்குப்போக்கு ஒன்று வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிற மாதிரி வேண்டும்.

அதை உங்கள் தம்பி ஐதபீர் கண்டுபிடித்துவிட்டார். பன்னிரண்டு வருடம் சேதி இல்லாதவனுக்குத் தர்ப்பைப் புல்லில் உடல் கட்டி எரித்துவிட்டால் அவன் செத்தவன்தானே. அதை பைசாக் 25-இல் செய்தால் பதின்மூன்று நாள் தீட்டு தேர்தலைத் தாண்டிப் போகும். அறுபத்து மூன்று வீடும் ரோகாயா குலம், அத்தனை பேருக்கும் தீட்டு. ஓட்டுச்சீட்டில் குத்துகிற முத்திரை என்ன? ஸ்வஸ்திக். தீட்டுக்காரன் ஸ்வஸ்திக்கைத் தொடலாமா? பூணூல் போட்ட எந்த இன்ஸ்பெக்டரும் தொடு என்று சொல்ல மாட்டான். ஓட்டு விழவில்லை என்றால் காட்டுக்காரர்களுக்கும் சந்தோஷம்.

பன்னிரண்டு வருடம் காணாமல் போனவர் ஊரில் ஒரே ஒருவர்தான்.

இதை எல்லாரும் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். உங்கள் கடிதம் என் ரவிக்கைக்குள் இருந்தது. அன்று காலைதான் லால்வீர் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

என்ன செய்ய, சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள். அங்கே உங்களுக்கு யாராவது இருக்கிறாளா?

சுகாதார நிலைய நர்ஸ் பஜாருக்குப் போகிறார், அவரிடம் தபாலுக்குக் கொடுக்கிறேன். அவர் எதையும் கேட்கிறவரில்லை.

பன்சரா


ஆப்பிள் தோட்டம்
சைத் 28

பன்சரா,

உன் எழுத்து என் எழுத்தைவிட நன்றாக இருக்கிறது. மூன்று தடவை படித்தேன்.

என்னை எரிக்க விடாதே. சிரிக்காதே. புல்தானே என்பாய். உயிரோடு இருப்பவனுக்குக் கொள்ளி வைத்தால் அவன் எங்கே இருந்தாலும் அது அவனைத் தேடி வரும் என்று அப்பா சொல்வார். உன் கடிதம் வந்ததிலிருந்து அடுப்புப் பக்கம் போகவில்லை. கூட வேலை செய்கிறவர்கள், "என்ன ரோகாயா, நெருப்பைப் பார்த்தா மாப்பிள்ளை மாதிரி வெட்கப்படுறே" என்று கேலி செய்கிறார்கள்.

ஐதபீரிடம் உண்மையைச் சொல்லிவிடு. இல்லை, சொல்லாதே. போலீஸ் காதுக்குப் போய்விட்டால்? தன்சிங் பிழைத்தாலும் பெட்டி பெட்டிதான், சர்க்கார் சொத்து. யோசித்துச் சொல். இல்லை, நானே வந்துவிடுகிறேன், அதுதான் நல்லது. பைசாக் 15-இல் கிளம்பினால் 22-இல் ஊரில் இருப்பேன். நான் வாசலில் நின்றால் எவன் புல்லைக் கட்டுவான்?

அதுவரை குங்குமத்தை அழிக்காதே. நான் சொன்னேன் என்று நினைத்துக்கொள்.

மன்ரூப்


துனிகோட்
பைசாக் 12

வராதீர்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டுமே என்று ஊரில் உள்ள எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். வராதீர்கள்.

போன வாரம் போலீஸ் ஐதபீரைக் கூப்பிட்டுப் போய் இரண்டு நாள் வைத்திருந்தது. வந்தவர் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டார். அடுத்த நாள் காட்டிலிருந்து ஆள் வந்து, போலீஸிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லச் சொல்ல, அவருக்குப் பல் கிட்டித்துவிட்டது. உங்கள் தம்பி அழுது நான் பார்த்ததில்லை. என் காலைத் தொட்டு, "அண்ணி, உங்க பொட்டைக் கேக்குறேன். வேற வழி தெரியலை" என்றார்.

சம்மதித்துவிட்டேன். பெரிய மனசு என்று எழுதிவிடாதீர்கள். பயத்தில்தான் சம்மதித்தேன். நான் மாட்டேன் என்று சொல்லி, நாளைக்கு ஒரு வீட்டில் ஒரு விரல் போனாலும் அது என் மேல்தானே வரும். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று சொன்னாலும் அதே கதைதான்.

நேற்று சோளம் உதிர்த்துக்கொண்டே நினைத்துப் பார்த்தேன். இந்தத் தொகுதியின் தேர்தல் கதை என்பது நம் வீட்டில் ஆள் குறைந்த கதைதான். பதினைந்தாம் வருடம் முதல் தேர்தலில் உங்கள் அப்பா ஒருவருக்கு ஓட்டுப் போட்டார். இரண்டு வருடத்தில் ராஜா சபையைக் கலைத்தார், ஜெயித்தவர் உள்ளே போனார், உங்கள் அப்பா ஆறு மாதம் பரணில் ஒளிந்திருந்தார். முப்பத்தேழில் ராஜாவுக்கு மஞ்சள் சீட்டா, கட்சிகளுக்கு நீலச் சீட்டா என்று கேட்டார்கள். ஊரே மஞ்சள் போட்டது. மாமனார் மட்டும் நீலம். அதற்கப்புறம் யாரும் நம் வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடிக்கவில்லை, அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். நாற்பத்து மூன்றில் நீங்கள். நாற்பத்தெட்டில் மேளம் கொட்டி ஆடினார்கள், இனி எல்லாம் நம் இஷ்டம் என்றார்கள். நான் வரிசையில் நின்றுகொண்டு, கூட்டத்தில் உங்கள் முகம் தெரிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஐம்பத்தொன்றிலும் பார்த்தேன். இப்போது ஐம்பத்தாறு. இந்தத் தடவை என் பொட்டு.

வந்தீர்களானால் ஊரே பொய் சொன்னது போலீஸுக்குத் தெரிந்துவிடும். புல்லைத்தான் எரிக்கிறோம். உங்களுக்குச் சுடாது. சுட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை.

பன்சரா


துனிகோட்
ஜேட் 7

செத்துப்போனவருக்கு,

நேற்றோடு காரியம் முடிந்து, தீட்டுக்காக விட்டிருந்த உப்பை ஊர் மறுபடி சாப்பிட்டது. வளையல் உடைத்த கையால் எழுதுகிறேன்.

ஐதபீர் சொன்னபடியேதான் நடந்தது. ஆண்கள் எல்லாரும் மொட்டை அடித்து, வெள்ளை கட்டி, பள்ளிக்கூடத்துக்கு எதிரே பாதையின் மறுபக்கம் உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்னால். சாவடி அதிகாரி முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். இன்ஸ்பெக்டர் வந்து கத்தினார். ஐதபீர் குனிந்த தலை நிமிராமல், "ஐயா, தீட்டு. நீங்களே முத்திரையை எங்க கையில வைங்க, பாவம் உங்களோட" என்றார். இன்ஸ்பெக்டர் இரண்டு அடி பின்னால் போனார். யார் செத்தது என்று கேட்டார். பதின்மூன்று நாள் பேர் சொல்லக் கூடாது என்றார் பண்டிதர். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதோ, சொன்ன பிறகு அவரே இரண்டு தடவை எச்சில் விழுங்கினார்.

மறுநாள் காட்டுக்காரர்கள் வந்தார்கள். கையை நீட்டச் சொல்லி ஒவ்வொரு நகமாகப் பார்த்தார்கள். மை இல்லை. அதே பெண் பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்தாள். பதிவான ஓட்டு ஒன்று என்று அங்கே சாக்பீஸில் எழுதியிருந்தது. அந்த ஒன்று யார் என்று கேட்டாள்.

அக்கரைக்காரர், வேறு குலம் என்பதால் அதிகாரிகளுக்குச் சோறு பொங்கிப்போட்ட தன்சிங்தான் சொன்னார்: "பட்டியல்ல இருநூத்திப் பதினாலுக்குப் பக்கத்துல சிவப்புக் கோடு இருக்கு. மன்ரூப் ரோகாயா. அவனுக்குத்தான் இப்ப மொட்டை போட்டிருக்காங்க."

அவள் சிரித்தாள். "செத்தவன் ஓட்டுப் போடுறது இந்தத் தொகுதிக்குப் புதுசா என்ன?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். உயிர் வந்த சிரிப்பு. அதிகாரிகளே ஒரு கள்ள ஓட்டைக் குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் தன்சிங் நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தார். குரலை இறக்கி, "அண்ணி, உள்ளே டீ கொண்டுபோனது நான்தான். என்னைத் தள்ளிவிட்ட கையை எனக்கு அடையாளம் தெரியாதா? நான் யார்கிட்டயும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன்" என்றார்.

வந்தீர்களா? எதிரே உட்கார்ந்திருந்தேனே, பார்த்தீர்களா? நகத்தில் மையோடு அந்தக் காட்டைத் தாண்டிவிட்டீர்களா? யாருடைய விரலும் போகக் கூடாது என்றுதானே வெள்ளை கட்டினேன், ஊரில் மை பட்ட ஒரே விரல் உங்களுடையதா?

ஒரு வரி போதும். உயிரோடு இருக்கிறேன் என்று மறுபடி எழுதுங்கள்.

பன்சரா


ஆப்பிள் தோட்டம்
அசார் 4

பன்சரா,

உயிரோடு இருக்கிறேன்.

உன்னுடைய 'வராதீர்கள்' கடிதம் நான் கிளம்பி நாலு நாள் கழித்து இங்கே வந்திருக்கிறது. திரும்பி வந்துதான் படித்தேன். நேபாள்கஞ்சில் கடையடைப்பு. ஒரு வாரத்துக்கு மேல் பஸ் இல்லை. என்னை எரிக்கிற தேதி அங்கேயே தாண்டிவிட்டது. இருந்தாலும் வந்தேன். ஜேட் 3 காலையில் பாலத்துக்கு வந்தேன், அதே பாலம்தான். அங்கே காவல் நின்ற போலீஸ்காரன் துப்பாக்கியை நீட்டி, "பேர் என்ன?" என்றான். பன்னிரண்டு வருடம் எத்தனையோ பொய்ப் பேர் சொன்ன வாய். அன்றைக்கு உண்மைப் பேரைச் சொல்லிவிட்டது.

அவனே என்னைப் பள்ளிக்கூடத்தின் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அதிகாரி பட்டியலில் தேடி என் பேரைக் கண்டதும், கட்டிப்பிடிக்காத குறை. ஒரு ஓட்டுகூட இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் என் வேலை போய்விடும் ஐயா என்றார். அப்புறம் சந்தேகம் வந்து, "நீயும் ரோகாயா தானே, உனக்குத் தீட்டு இல்லையா?" என்று கேட்டார். வெளியூரிலிருந்து இப்போதுதான் வருகிறேன், எனக்குச் சேதி வரவில்லை என்றேன். சேதி கேட்காதவனுக்குத் தீட்டு ஒட்டாது என்று அவரே சட்டம் சொன்னார். அப்படிப் பார்த்தால் அன்று ஊரில் தீட்டில்லாத ரோகாயா செத்தவன் ஒருத்தன்தான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மொட்டைத் தலைகள். பின்னால் நீ. கிழக்கோரம், இரண்டாவது ஆள். பொட்டு இல்லை. நான் வெளியே ஒரு அடி வைத்திருந்தால் ஊரே மாட்டியிருக்கும் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். பொய். அந்த நேரத்தில் ஊர் நினைவிலேயே இல்லை. பயம், அவ்வளவுதான். நொண்டி ஒருவர் டீ வைத்துவிட்டுப் போனார், நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முத்திரையைக் கொடுத்தார்கள். கை ஆடி அது இரண்டு சின்னத்துக்கும் நடுவில் கோட்டின் மேல் விழுந்தது. என் ஓட்டு செல்லாத ஓட்டு, பன்சரா.

இடது கட்டைவிரல் நகத்தில் மை வைத்தார்கள். கையை மூடியபடியே இரண்டு நாள் நடந்தேன். சோறு தின்றபோதும் விரிக்கவில்லை. இரண்டாம் நாள் ஓடைக் கரையில் ஏறும்போது மேலே மூன்று பேர் இறங்கி வருவது தெரிந்தது. தோட்டத்தில் ஆப்பிள் கிளைக்கு ஒட்டுக் கட்டுகிற கத்தி மடியில் இருந்தது. அவர்கள் எடுப்பதற்குள் நானே எடுத்துவிட்டேன். நகத்தை மட்டும்.

வந்தவர்கள் ஆடு மேய்க்கிறவர்கள். உப்பு வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் தன் தலைத்துணியைக் கிழித்துக் கட்டிவிட்டார். எங்கேயாவது விழுந்துட்டியா தம்பி என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சாகாதவனுக்காகப் பன்னிரண்டு வருடம் ஓடினேன். ஆட்டுக்காரனைப் பார்த்து நகத்தை அறுத்துக்கொண்டேன். என்னை இதுவரை எவனும் ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் நானே செய்துகொண்டதுதான்.

நீ கேட்டதற்குப் பதில்: யாரும் இல்லை. பயந்தவன் பக்கத்தில் எவள் வந்து இருப்பாள்? தூக்கத்தில் கத்துவேன்.

இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல். நான் சொன்னதெல்லாம் தப்பாகவே போயிருக்கிறது.

மன்ரூப்


துனிகோட்
சாவன் 2

பிறக்கப் போகிறவருக்கு,

அழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன். விதவை அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அது ஒரு வசதி.

பண்டிதரிடம் போனேன். பொதுவாகக் கேட்பது போல, புல் எரித்து முடித்த பிறகு அந்த ஆள் வந்து நின்றால் சாஸ்திரம் என்ன சொல்கிறது என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேனோ என்று எழுந்திருக்கப் போனேன். பிறகு மெதுவாகச் சொன்னார். வந்தவனை வீட்டுக்குள் விடக் கூடாதாம். அவன் மறுபடி பிறக்க வேண்டும். நெய்யில் குளிப்பாட்டி, குழந்தை மாதிரி துணியில் சுற்றி, பதினோராம் நாள் புதுப் பேர் வைக்க வேண்டும். பூணூல் போட வேண்டும். கடைசியாக அவன் பெண்டாட்டியை அவன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். "அதுக்கு அந்தப் பொண்ணு சம்மதிக்கணும்" என்றும் சேர்த்துக்கொண்டார். இதுவும் சாஸ்திரத்தில் இருக்கிறதா, எனக்காகச் சொன்னாரா, தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

புதுப் பேர் என்றால் மன்ரூப் ரோகாயா செத்தது செத்ததுதான். ஊர் சொன்னது பொய்யாகாது. இருநூற்றுப் பதினாலாம் எண்ணைத் தேடி எவன் வந்தாலும் சாம்பலைத்தான் காட்டுவோம். ஆனால் ஐதபீரிடம் இன்னும் சொல்லவில்லை. காட்டுக்காரர்களும் போலீஸும் மாறி மாறி வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நேற்று நாய் குரைத்ததற்கே கையில் இருந்த செம்பைப் போட்டுவிட்டேன். உங்களை மட்டும் சொல்வானேன், நானும் அதே ஜாதிதான்.

முதல் கல்யாணத்தில் எனக்குப் பதிமூன்று வயது. நீங்கள் வேண்டுமா வேண்டாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது என்றே அப்போது தெரியாது. இந்தத் தடவை கேட்டாக வேண்டும். இது சின்னத் தொகுதிதான். நிற்பது ஒருவர், ஓட்டும் ஒன்றுதான். துப்பாக்கி யாரும் வைத்திருக்கவில்லை. எல்லாத் தேர்தலிலும் யாருக்கோ பயந்துதான் இந்த வீட்டில் முத்திரை குத்தியிருக்கிறோம். இதை நான் பயப்படாமல் குத்த வேண்டும். உங்கள்மேல் இரக்கப்பட்டும் குத்தக் கூடாது. இன்று என்னால் முடியாது. இன்று குத்தினால் அது கோட்டின் மேல்தான் விழும்.

ஒருவருக்கு நகம் பிய்ந்து போய்விட்டது, திரும்ப முளைக்க எத்தனை நாள் ஆகும் என்று நர்ஸிடம் கேட்டேன். கட்டைவிரல் என்றால் ஆறு மாதம் ஆகும், தினமும் கழுவிச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லுங்கள் என்றார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

ஆறு மாதம் எனக்கும் போதும். விரலைக் கழுவிக்கொண்டிருங்கள்.

பன்சரா